ஜாக்கிரதைக்காரர்

எங்கள் தெருவில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாலும், ஜனங்கள் உட்காருவதற்கு முன்னால் அவர் போய் ஒவ்வொரு கம்பத்தையும் தோளால் முட்டிப் பார்ப்பார். ஆம்பூரில் போலீஸ்காரர்களே ஹெல்மெட் போடாத காலத்தில் வெள்ளை ஹெல்மெட்டோடு ஸ்கூட்டர் ஓட்டினார். பின்னால் உட்காரும் மனைவிக்கு ஒன்று, முன்னால் நிற்கும் மகளுக்குச் சின்னதாக ஒன்று. தெரு சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. வெளியூர் கிளம்பினால் கேஸ் சிலிண்டரை மூடி, குனிந்து மோந்து பார்த்து, கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்து, பத்தடி நடந்தபின் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார்.

“எந்தப் பொருளா இருந்தாலும் ஒரு எடத்துலதான் மொதல்ல ஒடையும். அந்த எடத்த மட்டும் கண்டுபுடிச்சுட்டா போதும்” என்பார். மகளுக்குக் கணக்கு சொல்லித் தரும்போதும் இதுதான், எங்கள் வீட்டு நாற்காலிக்கு ஆணி அடித்துத் தரும்போதும் இதுதான்.

எஞ்சினியர் சார் என்றே எல்லோரும் கூப்பிட்டோம். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த, தோல் பதனிடும் பெரிய டேனரியில் மெஷின்கள் எல்லாம் அவர் பொறுப்பு. தோல் சுழலும் டிரம், பாய்லர், மோட்டார், கடைசியில் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யக் கட்டிய பிளாண்ட். என் அப்பாவும் அங்கேதான் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டிப் போடுவது. ஒரே கம்பெனி, ஒரே சங்கு. அவர் இஸ்திரி போட்ட பேண்ட்டில் போவார், அப்பா முழங்கால் வரை மடித்த வேட்டியில் போவார்.

ஒரு மழைக்கால காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா துணி காயப்போடக் கட்டுக்கம்பி ஒன்றை ஜன்னலிலிருந்து கரண்ட் கம்பத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சார் அதைப் பார்த்தார். ஸ்கூட்டரை அப்படியே தெருவில் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஈரத் துணியோடு நின்ற அம்மாவைக் கையால் மறித்துத் தள்ளி நிறுத்திவிட்டு, வெளியே போய் ரப்பர் பிடி போட்ட கட்டரால் கம்பியை வெட்டினார். பிறகு அப்பாவைப் பார்த்துத் திரும்பினார்.

“அறிவு இருக்காய்யா உனக்கு? ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வெச்சுகினு கரண்ட் கம்பத்துல துணி காயப் போடற?”

“தெரியாம கட்டிட்டேன் சார்.”

“தெரியாமன்னு கரண்டுகிட்ட சொல்லு. உட்டுடும்!”

தெருவே பார்த்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கு அம்மா உயிர் பிழைத்தாள் என்பது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. சத்தம் போட அந்த மனிதருக்குத் தெரியும் என்பதும் உண்மை. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

வீட்டில் அவரைப் போல ஒரு ஆம்பளையை எங்கள் தெரு பார்த்ததில்லை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. மீன் சாப்பிடும்போது இரண்டு மகள்களுக்கும் முள் எடுத்துத் தந்துவிட்டுத்தான் தன் தட்டில் கை வைப்பார். மனைவிக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டுவிட்டுக் கஞ்சி வைப்பார். சின்ன மகள் சுதா என் வகுப்பு. பத்தாவது முடிக்கும் வரை அவளை ரோடு தாண்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். “எஞ்சினியர் சார பாத்து கத்துக்கோ” என்று அப்பாவிடம் அம்மா சொல்லாத வாரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு ஒரு வேலை உண்டு. ஸ்கூட்டரின் இரண்டு பக்கமும் வெள்ளை கேன்களைக் கட்டிக்கொண்டு ஏலகிரி மலையடிவாரத்தில் இருந்த மாமியார் ஊருக்குப் போவார். அங்கே கிணற்றில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு மதியத்துக்குள் திரும்புவார். பிறகு ஒரு பழைய மாருதி வேன் வாங்கினார். கேன்கள் ஆறாகின. அந்தக் காலத்தில் கேன் தண்ணீர் என்ற ஒன்றை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. ஆள் ஆளுக்குக் கிண்டல் செய்தார்கள்.

“இன்னா சார், மாமியார் வீட்டு சீதனம் இன்னும் தீரலயா?” என்று பாஷா பாய் கேட்பார். அவர் எங்கள் பக்கத்து வீடு, அதே டேனரியில் மேஸ்திரி.

“அந்தத் தண்ணில பருப்பு நல்லா வேகுது பாய்” என்பார் சார். எப்போது கேட்டாலும் இதே பதில். பருப்பு நல்லா வேகுது.

எங்கள் வீட்டிலும் பருப்பு வேகாமல்தான் இருந்தது. சோப்பு நுரைக்காது. சோறு வடித்தால் மஞ்சளாக இருக்கும். டேனரியின் பின்பக்கத்து ஓடையில் ஒரு நாள் பழுப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் தண்ணீர் ஓடும். அதன் நாற்றம் எங்களுக்குப் பழகிவிட்டது. வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்தினால்தான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். ஆனால் ஓடை வேறு, கிணறு வேறு என்றுதான் நினைத்தோம். கிணறு எங்கள் தாத்தா வெட்டியது. இருபதடி ஆழத்தில் மண்ணுக்கு உள்ளே இருப்பதை ஓடை என்ன செய்யும் என்று நினைத்தோம்.

நான் எட்டாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் மூடி போட்ட கண்ணாடி பாட்டில்.

“செல்வி, கிணத்துல ஒரு வாளி எறச்சுக் குடு.”

நான் இறைத்தேன். அவர் பாட்டிலைக் கழுவி, மறுபடி கழுவி, மூன்றாம் முறை கழுத்து வரை நிரப்பி மூடினார். அதன்மேல் ஒரு காகிதத்தை ஒட்டி ஏதோ எழுதினார்.

“எதுக்கு சார்?”

“சும்மா, லேபுல போட்டுப் பாக்கலாம்னு.”

எனக்கு ஒரே பெருமை. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் லேபுக்குப் போகிறது. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் தெருவில் பார்த்தபோது ஓடிப்போய்க் கேட்டேன். “லேபுல இன்னா சார் வந்துச்சு?”

“நல்லா படிக்கிறியா?” என்று கேட்டுக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. சின்னப் பெண், மறந்துபோனேன். அவர் மறக்கவில்லை. அந்தக் கிணற்றில் இன்னும் பன்னிரண்டு வருஷம் நாங்கள் தண்ணீர் இறைத்தோம்.

அம்மாவுக்கு முதலில் கால் வீங்கியது. பிறகு முகம். வயல் கூலிக்கும் வீட்டுக்குமாக ஓடுகிற பொம்பளைக்கு வீக்கம் வராதா என்று அவளே வெந்நீர் ஊற்றிக்கொண்டாள். வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டியபோது இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தங்கை கல்லூரியில்.

தண்ணீரால் வந்திருக்குமா என்று பிறகு ஒரு நாள் டாக்டரிடம் கேட்டேன். “அதுனாலதான்னு சொல்ல முடியாதும்மா. அது இல்லன்னும் என்னால சொல்ல முடியாது” என்றார். இத்தனை வருஷமாக அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

விஷயம் தெரிந்த அன்றே சார் வேனோடு வாசலில் வந்து நின்றார். “பஸ்ல எல்லாம் கூட்டிட்டுப் போகாதீங்க. நான் வர்றேன்.” அப்போது அவர் ரிட்டயர் ஆகிவிட்டிருந்தார். எட்டு மாதம், முடிந்த நாளெல்லாம் அவரே ஓட்டினார். சீட்டில் தலையணை வைத்து, பெல்ட் போட்டு, மேடு பள்ளத்தில் வண்டியைத் தூக்கி வைப்பது போல நிதானமாக ஏற்றி இறக்குவார். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் எனக்குப் பதிலாக வரிசையில் நின்றார். “அவரு சாமி மாதிரிடீ” என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வாள்.

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ திரும்பி வரும்போது, பள்ளிகொண்டா தாண்டியதும் வேனை நிறுத்தினார். பின்னால் இருந்து ஒரு வெள்ளை கேனை இழுத்து, டம்ளரில் ஊற்றி அம்மாவிடம் நீட்டினார்.

“இனிமே இதையே குடிங்கம்மா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வீட்லயே எறக்கிடறேன். உங்க கிணத்துத் தண்ணி வேணாம்.”

அம்மா டம்ளரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. அன்றைய அளவை அவள் காலையிலேயே குடித்து முடித்திருந்தாள். உதட்டை மட்டும் நனைத்தாள். “தித்திப்பா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

நான் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். உங்க கிணத்துத் தண்ணி வேணாம். அவருக்கு எப்படித் தெரியும்? எட்டாவது படித்த பெண் இறைத்துக் கொடுத்த வாளியும், மூன்று முறை கழுவிய பாட்டிலும் அந்த நிமிஷம் என் மடியில் வந்து விழுந்தன. அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுத்தமாக முடி வெட்டிய, பவுடர் போட்ட பிடரி. அதில் ஓங்கி அடிக்க வேண்டும் என்று இருந்தது.

நான் எதுவும் கேட்கவில்லை. வேன் வேண்டும். கவுண்டரில் நிற்க ஆள் வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீரை அன்றோடு நிறுத்தினோம். பக்கத்து வீட்டில் பாஷா பாயின் மருமகள் வாளி விட்டுக்கொண்டுதான் இருந்தாள். எட்டு மாதம் அந்தக் கப்பி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நானும் என் குடும்பத்தை மட்டும் பார்த்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அம்மா செத்த பத்தாம் நாள் பாய் வீட்டுக்குப் போய் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொன்னேன். யார் சொன்னது என்று சொல்லவில்லை. அங்கிருந்து நேராக எஞ்சினியர் சார் வீட்டுக்குப் போனேன். அவர் மொட்டை மாடியில் தண்ணீர் டேங்கின் மூடியைக் கம்பியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

“வெயில்ல நிக்காத செல்வி. பத்து நாளா சரியா சாப்ட்ருக்க மாட்ட, தலை சுத்தும். நிழலுக்கு வா.”

நான் வெயிலிலேயே நின்றேன். “எங்க கிணத்துத் தண்ணிய லேபுக்கு எடுத்துட்டுப் போனீங்களே சார். ரிசல்ட் இன்னா?”

கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. ஞாபகம் இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

“நல்லா இல்ல” என்றார்.

“எவ்ளோ நல்லா இல்ல?”

“தெருவுலயே உங்க கிணறுதான் மோசம். பிளாண்ட் ஓடாத நாள்ல பின்பக்கம் பைப்ப தொறந்து உட்ருவாங்க. ஓடை உங்க வீட்டாண்டதான் திரும்புது.”

“அப்பவே தெரியும் உங்களுக்கு.”

“தெரியும்.”

“ஏன் சார் சொல்லல?”

அவர் கையிலிருந்த கட்டரைக் கீழே வைத்தார். குரல் உயரவே இல்லை. “யார்கிட்ட சொல்றது? மொதலாளிகிட்ட சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். மூணாவது தடவ சொன்னா வேலை இருக்காதுன்னு புரிஞ்சுது. எனக்கு ரெண்டு பொண்ணுங்க.”

“எங்கம்மாவுக்கும் ரெண்டு பொண்ணுங்கதான் சார்.”

“உங்கப்பாவும் அதே கம்பெனிதானே? அவருக்கு ஓடை தெரியாதா?”

“அப்பாவுக்கு ஓடை தெரியும். கிணறு தெரியாது. கிணறு உங்க பாட்டிலுக்குத்தான் தெரியும்.”

டேங்க் மூடியை ஒரு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு, ஒரு கணக்கை விளக்குவது போலச் சொன்னார். “சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க? வேற தண்ணி எங்க இருந்துச்சு உங்களுக்கு? பயந்துகினே அதையேதான் குடிச்சிருப்பீங்க.”

“அத நாங்க முடிவு பண்ணியிருப்போம். பாலாத்துல ஊத்து தோண்டியிருப்போம். தலையில தூக்கியிருப்போம். கம்பெனி கேட்டாண்ட போய் உக்காந்திருப்போம். ஒரு துணி காயப் போட்டதுக்கு எங்கப்பாவ தெருவுல நிக்க வெச்சு கத்துனீங்களே சார், அப்படி ஒரு தடவ எங்களுக்காகக் கத்தியிருக்கலாம் இல்ல?”

அவர் கண் கலங்கியது. நான் அதைப் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை, இன்னும் ஆத்திரம்தான் வந்தது. கீழே இறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. “படியப் பாத்து எறங்கு. மூணாவது படி வழுக்கும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வாசலில் கேன் இருந்தது. அதைச் சாக்கடையில் கவிழ்த்தேன். அடுத்த ஞாயிறும் கவிழ்த்தேன். மூன்றாவது ஞாயிறுக்குப் பிறகு கேன் வரவில்லை. பதினெட்டு வருஷம் ஒரே தெருவில் இருந்தோம். அவர் எதிரே வந்தால் நான் தலையைத் திருப்பிக்கொள்ள மாட்டேன், நேராகப் பார்ப்பேன். அவர்தான் திருப்பிக்கொள்வார். டேனரி நடுவில் கை மாறியது. இன்றைக்குத் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் கேன் இருக்கிறது, யாரும் யாரையும் கிண்டல் செய்வதில்லை.

போன மாசம் அவர் இறந்தார். எண்பத்து நாலு வயது. தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது. பதினாறாம் நாள் காலையில் வீட்டு வாசலில் பந்தல் போட்டுப் படத்திறப்பு வைத்தார்கள். வெள்ளை ஹெல்மெட் போட்டவர் அல்ல, கோட்டுப் போட்ட எஞ்சினியர் படத்தில் சிரித்தார். சுதா சென்னையிலிருந்து வந்திருந்தாள். பேசியவர்கள் எல்லோரும் குடும்பத்துக்காக உழைத்தவர் என்றார்கள். ரோட்டரிக்காரர் ஒருவர் அவரை ஊருக்கே கிடைத்த பாதுகாப்பு என்றார். பிறகு சுதா மைக்கில், “எங்கப்பாவ சின்ன வயசுலேர்ந்து பாத்தவ, எங்க தெரு டீச்சர், ரெண்டு வார்த்தை பேசணும்” என்று என்னைக் கூப்பிட்டாள்.

நான் போகாமல் இருந்திருக்கலாம். தலை வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். எழுந்து போனேன்.

“சார் ரொம்ப ஜாக்கிரதையானவரு” என்று ஆரம்பித்தேன். கம்பி வெட்டியதைச் சொன்னேன். வேன் ஓட்டியதைச் சொன்னேன். அதோடு நிறுத்தாமல் பாட்டிலைச் சொன்னேன், மொட்டை மாடியைச் சொன்னேன். “தெருவுலயே எங்க கிணறு மோசம்னு சொன்னாரு. அப்படின்னா மத்த கிணறும் அவருக்குத் தெரிஞ்சிருக்கு. மொதலாளி கேக்கறாரா, பிளாண்ட் ஓடுதா, அதெல்லாம் அவரு கையில இல்ல. ஒத்துக்கறேன். தெருவுல நாலு வீட்டுக் கதவத் தட்றது அவரு கையில இருந்துச்சு.”

“செல்வி, இன்னாடி இது, இன்னிக்கா?” என்று சுதா என் முழங்கையைப் பிடித்தாள். மைக்கை யாரோ அணைத்தார்கள். ரோட்டரிக்காரர், “அம்மா, உக்காருங்க, துக்க வீடு” என்றார்.

அப்போது நடு வரிசையில் பாஷா பாய் எழுந்தார். அவருக்கும் எண்பது தாண்டிவிட்டது. சம்சாரம் வயிற்றில் கட்டி வந்து செத்துப் பல வருஷம் ஆகிறது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எங்க வீட்லயும் வந்தாரு” என்றார். “பாட்டில்தான். நான்தான் கயிறு இழுத்தேன். பெரிய மனுசன் நம்ம வீட்டுக்கு வந்திருக்காருன்னு எங்க வீட்டம்மா அவசரமா அதே வாளித் தண்ணில டீ போட்டுச்சு. வேணாம்னுட்டாரு. சக்கர வியாதி வந்துடுச்சு பாய், டீயே வுட்டாச்சுன்னாரு. பாவம், இந்த வயசுலயேன்னு எங்க வீட்டம்மா ரொம்ப பேஜாராய்டுச்சு. அன்னிலேர்ந்து தொழுகையில அவருக்கும் சேத்து துவா கேட்டுச்சு. சாகற வரைக்கும்.”

படத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுதாவின் அம்மா தலையை நிமிர்த்தினார். கூட்டம் தொடங்கியதிலிருந்து அவர் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

“அவருக்கு சக்கர கெடயாது பாய்” என்றார். “நேத்து வரைக்கும் மூணு ஸ்பூன் போட்டுத்தான் டீ குடிச்சாரு.”

நேற்று என்றே சொன்னார். சுதா, “அம்மா, உள்ள வா” என்று அவர் தோளைத் தொட்டாள். அவர் அசையவில்லை. பாய் கொஞ்ச நேரம் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பந்தலின் ஓரத்துக்குப் போய், குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். அவர் பின்னால் இன்னும் நாலு பேர் எழுந்தார்கள்.